இரண்டு மேசை, இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

போன செப்டம்பரில், தணிக்கை அறிக்கைகளை முப்பதாம் தேதிக்குள் ஏற்றியாக வேண்டிய நெரிசலில், பத்து வருஷமாக உழைத்த ஆபீஸ் ஸ்பீக்கர் செட் உயிரை விட்டது. மேசைக்கு அடியில் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் சப்-ஊஃபர், மேலே இரண்டு குட்டிப் பெட்டிகள் என்று 2.1 என்பார்களே, அந்த வகை. ஒரு நாள் காலை சப்-ஊஃபர் கர்ரென்று இழுத்தது, அப்புறம் மூச்சில்லை.

நான் சின்ன ஆடிட்டர். மாம்பலத்தில் ஒரு மாடி அறை, இரண்டு உதவியாளர்கள், கூரை தொடும் அளவுக்குக் கோப்புகள். காலையில் வீணையோ நாதஸ்வரமோ மெல்லிதாக ஓடாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. நங்கநல்லூர் வீட்டிலோ டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது. சரி, ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடத்தினேன். 25,000 ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது.

முதலில் மாட்டிக்கொண்டது வாட் கணக்கில். என் வயதுக்காரர்களுக்கு டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் காலத்திலிருந்தே அந்த நோய் உண்டு. முன்பக்கம் '1000 வாட் பிஎம்பிஓ' (ஒரு கணத்துக்கான உச்சம் என்று சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பின்னால் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெட்டி கரண்ட் எடுப்பதே முப்பது வாட்டாக இருக்கும். நம்ப வேண்டியது ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய வாட்டை. அதைவிட முக்கியம் சென்சிடிவிட்டி. போல்க் டி15 என்ற ஸ்பீக்கருக்கு 89 டெசிபெல் என்று போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 89 டெசிபெல் சத்தம் வரும் என்று அர்த்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. மேசையில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க 69 டெசிபெல் போதும். அதற்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு! மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஓர் அடிக்கு இதைப் போல் பல மடங்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் இருபது வாட் தாராளம். அன்றோடு வாட் பார்ப்பதை விட்டேன்.

அடுத்த கேள்வி, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை, அதாவது ஆம்பைத் தனியாக வாங்குவதா, அது உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரை வாங்குவதா என்பது. இதற்கு ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். காலேஜ் நாட்களில் 4440 ஐசி போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் கட்டி, தகரப் பெட்டிக்குள் ஆம்ப் செய்த பழக்கம் எனக்கு உண்டு என்பதால் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. இப்போது அதே கடைகளில் உள்ளங்கை அகலத்தில் கிளாஸ்-டி என்ற ரகத்து ஆம்ப் கிடைக்கிறது. ஆனால் ஆம்ப், அதற்கு ஓர் அடாப்டர், ஒயர், ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர் என்று கூட்டினால் ஒரு மேசைக்கே என் பட்ஜெட்டில் பெரும்பகுதி போய்விடும். ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் 1,500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். ஆடிட்டராக இருந்துகொண்டு பில் இல்லாமல் வாங்கினால் என் உதவியாளர்களே என்னை மதிக்க மாட்டார்கள். தவிர, பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை.

ஆக, ஆம்ப் உள்ளேயே உள்ளவைதான் என்று முடிவானது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று எடிஃபையர் ஆர்1280டி. தாழ்ந்த ஒலிக்கு (பேஸ்) நான்கு இஞ்ச் ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு (ட்ரெபிள்) பட்டுத்துணி டோம் ட்வீட்டர், பக்கத்துக்கு 21 வாட், பக்கவாட்டில் மரப்பலகை. பேஸ், ட்ரெபிள், வால்யூம் குமிழ்கள் வலது பெட்டியின் விலாவில் இருக்கின்றன. ப்ளூடூத் கிடையாது. இன்னொன்று ப்ரீசோனஸ் எரிஸ் இ3.5. பாட்டுப் பதிவு செய்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. மூன்றரை இஞ்ச் ஊஃபர், பக்கத்துக்கு 25 வாட். வால்யூமும் ஹெட்ஃபோன் துளையும் முன்பக்கத்திலேயே இருக்கின்றன. ப்ளூடூத் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. மேசையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு ஒயரை விட நம்பகமானது எது? வாங்க இரண்டு ஜோடி, வைக்க இரண்டு இடம். எது எங்கே என்பதைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வாங்கினேன்.

முதலில் வந்தது எடிஃபையர். அன்று இரவே சாப்பாட்டு மேசையில் வைத்து மாட்டினேன். கேட்டால், சப்பென்று இருக்கிறது. பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைகிறது. தவில் அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். ம்ஹூம். இதைப் போய் ஊரே புகழ்கிறதே என்று திருப்பி அனுப்பப் பெட்டியைக் கூட எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்த வகையில் ஆம்ப் ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கும், இன்னொன்றுக்கு அங்கிருந்து ஒயர் இழுத்துக் கிளிப்பில் செருக வேண்டும். அரைகுறை வெளிச்சத்தில் நான் ஒரு முனையில் சிவப்பையும் கருப்பையும் மாற்றிச் செருகியிருந்தேன். அப்படி மாறினால் ஒரு பெட்டியின் ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். இரண்டு பக்கத்து பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றிச் செருகினேன். பாடகி வந்து நடுவில் உட்கார்ந்தார். தவிலுக்கு வயிறு வந்தது. திருப்பி அனுப்பியிருந்தால் எவ்வளவு பெரிய அபாண்டம்! புது ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்று யாராவது சொன்னால் இப்போது நான் முதலில் கேட்பது ஒயரைப் பற்றித்தான்.

எரிஸ் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் தப்பு, சத்தத்தைச் சமம் செய்யாதது. எது ஒரு டெசிபெல் கூடுதலாகக் கத்துகிறதோ அதுதான் துல்லியமாக இருப்பதாகக் காது சொல்லும். மழை இரைச்சல் மாதிரி ஓர் ஒலி உண்டு, பிங்க் நாய்ஸ் என்பார்கள். அதை ஓடவிட்டு, நான் உட்காரும் இடத்தில் போனை வைத்து, டெசிபெல் காட்டும் செயலியில் இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் மனைவியை உட்கார வைத்தேன். எது ஓடுகிறது என்று சொல்லவில்லை.

ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிப் பதிவை மாற்றி மாற்றிப் போட்டேன். "ஏங்க, இதுல அந்தம்மா நம்ம கூடத்துல உட்கார்ந்து பாடறாங்க. அதுல மேடையில பாடறாங்க" என்றாள். கூடத்தில் பாடியது எரிஸ். மேடையில் பாடியது எடிஃபையர். "எது பிடிச்சிருக்கு?" என்றேன். "மேடைதான். கூடத்துல மூச்சு வாங்கறதெல்லாம் கேட்குது." எனக்கோ அந்த மூச்சுதான் பிடித்திருந்தது. கமகத்தின் வளைவுகள், தம்புராவின் ரீங்காரம், வயலின் வில் திரும்பும் இடம் எல்லாம் எரிஸில் பிட்டுப் பிட்டுத் தெரிந்தன.

மிருதங்கம் வேறு கதை சொன்னது. வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், மீட்டு எரிஸில் கண்ணாடி மாதிரி விழுந்தது. (நடுவில் உள்ள கருப்புச் சாந்துதான் அந்தத் தோலைச் சுருதியோடு பேச வைக்கிறது என்று சர் சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார்.) ரவைப் பசை அப்பிய இடப்பக்கத் தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி மட்டும் எடிஃபையரில்தான் உருண்டு வந்தது. காரணம் எளிது. எரிஸின் ஊஃபர் சின்னது, கீழே 80 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 80 அதிர்வு) வரைதான் அதற்குக் கணக்கு. பேஸ் கிடாரின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸ். அதை இந்த விலைப் பெட்டி எதுவும் முழுசாகத் தராது. மேலே உள்ள கிளைச் சுரங்களைக் கேட்டு மூளை அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

துல்லியமானது வீட்டுக்கு, மற்றது ஆபீஸுக்கு என்று பிரித்தேன். மனைவியின் தீர்ப்பை மதிக்காததற்கு இரண்டே வாரத்தில் பலன் கிடைத்தது.

வீட்டில் இடம் என்றால் சுவரலமாரிதான். பெயரே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அலமாரியில் வைக்காமல் எங்கே வைப்பது? புத்தகங்களை ஒதுக்கி எரிஸை உள்ளே தள்ளி வைத்தேன். ஆண் குரலெல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்டது. கொஞ்ச நேரம் திகைத்துவிட்டுத்தான் எங்கள் ஊர் டீக்கடைப் பானை நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருப்பார்கள். பானைக்குள் இருக்கும் காற்று சேர்ந்து அதிர்ந்து 'தும் தும்' என்று கூட்டிக் கொடுக்கும். இன்றைய ஸ்பீக்கரில் போர்ட் என்று ஒரு துளை இருக்கிறதே, அதுவும் காற்றை அதிரவிட்டு அதே வேலையைத்தான் அளவாகச் செய்கிறது. எரிஸுக்கு அந்தத் துளை முதுகில் இருக்கிறது. அதை மூன்று பக்கமும் அடைத்த அலமாரிக்குள் வைத்தால் பானைக்குள் பானை வைத்த கதைதான். பின்னால் இருந்த பேஸ் குமிழைக் குறைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, முழுசாக இல்லை. எடிஃபையருக்குத் துளை முன்பக்கம்.

ஆபீஸில் எடிஃபையருக்கு வேறு தொல்லை. என் வலப்பக்கம் இரும்பு பீரோ, குமிழ்கள் இருப்பதோ வலது விலாவில். யாராவது வாடிக்கையாளர் உள்ளே வந்தால் அவர் நீட்டும் வரி நோட்டீஸை வாங்கும் முன், சத்தத்தைக் குறைக்க, பீரோவுக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை நுழைத்துத் துழாவுவேன். ரிமோட் கூடவே வந்தது, ஆனால் என் மேசையில் ஒரு ரிமோட் எவ்வளவு நேரம் கண்ணில் படும்?

அதோடு ஒரு ரீங்காரம். இது தம்புரா இல்லை. டெஸ்க்டாப்பை ஓர் உள்ளீட்டிலும் லேப்டாப்பை இன்னொன்றிலும் மாட்டியிருந்தேன், இரண்டுக்கும் பவர் வெவ்வேறு சுவரிலிருந்து. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் நிற்கும், செருகினால் வரும். ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. இரண்டு எர்த் வழிகளும் ஆடியோ ஒயர் மூலமாக ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்கின்றன. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "எர்த் பின்னை உடைச்சிட்டா சரியாயிடும் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். ரீங்காரம் நிற்கும்தான். கசிவு வந்தால் மனுஷனும் நிற்பான். வேண்டாம் என்றேன். இரண்டு ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவந்ததில் பாதி குறைந்தது. லேப்டாப் ஒயரின் நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டதும் முழுக்க அடங்கியது. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து இரண்டையும் இடம் மாற்றினேன். ஆபீஸ் மேசையில் எரிஸ், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும் என்பதால் அடியில் பழைய வருமான வரிச் சட்டப் புத்தகங்கள், அதன் மேல் ஸ்பாஞ்ச். மேசைப் பலகை அதிர்வது அதோடு நின்றது. இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும் எனக்கும் பெட்டிக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமம். ஆபீஸில் சத்தம் குறைவாக வைப்பதால் பேஸ் இன்னும் மெலிந்து கேட்கும். அது காதின் இயல்பு, பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வைத்திருக்கிறார்கள். பின்னால் உள்ள குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன், போதுமாக இருந்தது. ஆள் வந்தால் முன்பக்கக் குமிழில் ஒரே திருகு.

வீட்டு அலமாரியில் எடிஃபையர், விளிம்பு வரை முன்னே இழுத்து வைத்திருக்கிறேன். பேஸைக் கொஞ்சம் குறைத்து, ட்ரெபிளை நடுவில் விட்டு ஒரு தடவை அமைத்ததோடு சரி. மற்றதெல்லாம் ரிமோட்டில். ரிமோட் இப்போது என் கையில் இல்லை. மேடைக் கச்சேரி தினமும் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது.

கணக்கு ஒப்படைத்தேன். இரண்டு ஜோடி, ஐசோலேட்டர், ஸ்பாஞ்ச், ஆட்டோ எல்லாம் சேர்த்து அனுமதித்த தொகைக்குள்தான், பில்லோடு. அவள் பில்லைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பழைய செட்டை எப்ப எடைக்குப் போடப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அது இன்னும் ஆபீஸ் மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்காவது ஆகும்.