ஓர்வியேத்தோ: பாறைமேல் ஊர், பாறைக்கடியில் தண்ணீர்

அக்டோபர் 9, 2024, புதன், ரோம்

நாளை ஓர்வியேத்தோவுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகும் பழைய ரயில் பாதையில், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் உம்ப்ரியா மாநிலத்துச் சிற்றூர் அது. பெரும்பாலோர் அங்குள்ள பேராலயத்தைப் பார்க்கப் போகிறார்கள். என்னை இழுப்பது ஒரு கிணறு.

அக்டோபர் 10, வியாழன், ஓர்வியேத்தோ

ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஊரோ நாற்புறமும் செங்குத்தாகச் செதுக்கிவிட்டாற்போன்ற பழுப்புநிறப் பாறையின் உச்சியில் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரிலேயே வடத்தில் இழுக்கப்படும் சிறு ரயில் நிற்கிறது. பழனியில் விஞ்சில் ஏறியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், 1888இல் தொடங்கியபோது இதை இயக்கியது மின்சாரம் அன்று, தண்ணீரின் எடை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது கீழிறங்க, வடத்தின் மறுமுனையிலுள்ள பெட்டி மேலேறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். 1970இல் நின்றுபோன சேவை 1990இல் மின்சாரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. குடிதண்ணீருக்காக நூற்றாண்டுக் கணக்கில் அல்லாடிய ஊர் இது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ரயிலைவிட்டு இறங்கிய சதுக்கத்தின் ஓரத்திலேயே புனித பேட்ரிக் கிணறு இருக்கிறது. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடியபோது, கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த போப் ஏழாம் கிளமெண்ட், அவ்வாண்டின் இறுதியில் தப்பி இந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தார். எதிரி ஏற முடியாத இடம்தான். ஆனால், முற்றுகையிட்டால் தாகத்திலேயே விழுந்துவிடும் இடம். எனவே கிணறு வெட்டும் பொறுப்பை அந்தோனியோ தா சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்.

ஆழம் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். நடுவே தண்ணீர்க் குழி. அதைச் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் செல்லும் இரண்டு சுழற்பாதைகள். கோவேறு கழுதைகள் ஒரு பாதையில் இறங்கி, அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து, தண்ணீர்ச் சுமையுடன் மற்றொரு பாதையில் ஏறி வேறு வாசலில் வெளியேறும். இறங்குவதும் ஏறுவதும் எங்கும் எதிர்ப்படா. கழுதைக்கேற்றவாறு அமைத்ததால் 248 படிகளும் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கின்றன. சுவரில் வரிசையாகத் திறந்த சன்னல்கள் வழியே மேல்வாய் வெளிச்சம் பாதைக்குள் விழுகிறது. பாதி ஆழத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது, எதிர்ச் சன்னலில் ஒரு சிறுமி கையசைத்தாள். அவள் ஏறிக்கொண்டிருந்தாள், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். இறங்க இறங்கச் சுவர் மாறுகிறது. மேற்பகுதி வெறும் பாறையைக் குடைந்தது. கீழே செங்கல் கட்டுமானம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மேற்பாறை மழைநீரைக் கீழே விட்டுவிடுகிறது. அதன் அடியில் படிந்துள்ள களிமண் அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே களிமண்வரை போனால்தான் தண்ணீர். கிளமெண்ட் அதைக் குடிக்கவேயில்லை. அவர் 1534இல் இறந்தார். வேலை முடிந்தது 1537இல்.

கடைத்தெரு வழியாக நடந்தேன். வியாழனும் சனியும் சந்தை கூடும் மக்கள் சதுக்கத்தில் காளானும் செம்மறிப்பால் பாலாடைக்கட்டியும் குவிந்திருந்தன. மதியம் உம்ப்ரிகெல்லி சாப்பிட்டேன். முட்டை சேர்க்காமல், மாவையும் தண்ணீரையும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. நிறைவான சாப்பாடு, அவ்வளவே.

பேராலயத்தின் முகப்பு எனக்குச் சற்று அதிகப்படியாகத் தோன்றியது. 1290இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். பக்கச் சுவர்களில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி ஓடும் கல்வரிசைகளின் அடக்கத்துக்கும், பொன் மின்னும் முகப்புக்கும் பொருத்தமேயில்லை. ஆனால், முகப்பின் அடித்தூண்களில், கண்ணெட்டும் உயரத்தில் சிற்பியும் கட்டடக் கலைஞருமான லொரென்ஸோ மைத்தானியின் காலத்துப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. உறங்கும் ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் படைக்கப்படும் காட்சியின் முன் வெகுநேரம் நின்றேன். உள்ளே, சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் லூகா சின்யொரெல்லி 1499இல் தொடங்கி வரைந்த சுவரோவியங்கள். இறுதிநாளில் உயிர்த்தெழுவோர், வெளிறிய வெறுந்தரையைப் பிளந்துகொண்டு, கையூன்றி ஏறி வருகிறார்கள்; சதை கூடாத எலும்புக்கூடுகளும் அவர்களுக்கிடையே நிற்கின்றன. கிணற்றிலிருந்து ஏறிவந்த கால்வலியோடு பார்த்ததாலோ என்னவோ, அவர்கள் படும் சிரமம் நன்றாகப் புரிந்தது.

பிற்பகலில் வழிகாட்டியுடன் நிலத்தடிக் குகைகளுக்குச் சென்றேன். ஊருக்கடியில் 1,200க்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. ரோமானியருக்கு முன்பே இங்கு வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வெட்டிய கிணறுகள்தாம் என்னை வியக்க வைத்தன: ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய நீள்சதுரத் துளை, இறங்குவதற்கு இருபக்கமும் கால்வைக்கும் குழிகள். பாறைச் சுவரில் நூற்றுக்கணக்கான சதுர மாடங்களையும் காட்டினார்கள். புறா வளர்த்த இடம். முற்றுகைக் காலத்தில் புறா தன் இரையையும் தண்ணீரையும் வெளியே போய்த் தானே தேடிக்கொண்டு, கறியாவதற்குத் திரும்பி வந்துவிடும். இதைவிடச் சிக்கனமான கால்நடை இருக்க முடியாது.

அக்டோபர் 11, வெள்ளி, ரோம்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ரயிலுக்கு நேரமிருந்ததால், பாறையின் அடிவாரத்தைச் சுற்றி வரும் பாதையில் சிறிது தூரம் நடந்தேன். கீழிருந்து பார்க்கும்போதுதான் பாறை முழுமையானதன்று என்பது தெரிகிறது. வெடிப்புகளும் ஒட்டுகளும் நிறைந்திருக்கின்றன. 1970களில் பாறையின் விளிம்புகள் சரியத் தொடங்கியதால், 1978இல் ஓர்வியேத்தோவையும் அருகிலுள்ள தோதி என்ற ஊரையும் காப்பதற்கென்றே இத்தாலி அரசு தனிச்சட்டம் இயற்றியது. மழைநீரோடு, வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தாராளமாக வந்தபின் பழைய குழாய்களிலும் சாக்கடைகளிலும் கசிந்த நீரும் பாறைக்குள் இறங்கி, அடிக்களிமண்ணை இளக்கிக்கொண்டிருந்தது. ஆகவே பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கியதோடு, ஊரின் குடிநீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் புதிதாக அமைத்தார்கள்.