66 காட்டும் பெட்டி

ஏப்ரல் 3, வியாழன்

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். சிமெண்டு மூட்டைக்குத் தம்பி போலக் கனக்கிறது. அம்மா துடைப்பத்தோடு வந்து நின்று, "இந்த நேரத்தில் இது எதற்கடா?" என்றாள். பதில் சொல்லவில்லை. இரவு பதினொன்றுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவனுக்கு உறக்கம் வராது. கைக்கு ஏதாவது வேண்டும்.

வாங்கியபோது வெளிர்சாம்பல் நிறம். இப்போது வெற்றிலை போடுகிறவரின் பல். முன்முகத்தில் எல்லாம் அப்படியே இருக்கின்றன: சாவித்துளை, ரீசெட், டர்போ பொத்தான், பெரிதும் சிறிதுமாக இரண்டு ஃபிளாப்பி வாய்கள், நடுவில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டும் சின்னஞ்சிறு கண்ணாடி. அதில்தான் கம்ப்யூட்டரின் வேகம் 66 என்று பச்சையாக எரியும். சாவி எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 4

அப்பாவின் தொண்டையில் போட்ட குழாயை இன்னும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

திறந்தேன். மதர்போர்டின் மூலையில் இருந்த பீப்பாய் வடிவ பேட்டரி எப்போதோ ஒழுகியிருக்கிறது. சுற்றிலும் பச்சைப் பூஞ்சை போலச் செம்புக் களிம்பு, கீபோர்டு துளை வரைக்கும். வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைக்கிறது. தடங்களே அரிக்கப்பட்டுவிட்டன, இந்தப் போர்டு இனி எழாது. எழாதென்று தெரிந்தும் அரை மணி நேரம் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தூசு போனதும் சிப்பின்மேல் இருந்த எழுத்து தெரிந்தது. 486 எஸ்எக்ஸ், 33.

33!

முதலில் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். சிப்பின்மேல் சூடு தணிக்கும் ஹீட்சிங்க் இல்லை, ஒட்டியிருந்த அடையாளமும் இல்லை. 66 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டிஎக்ஸ்2 சிப் என்றால் பெரும்பாலும் அதோடுதான் வரும். எஸ்எக்ஸ் என்பது தசமக் கணக்குப் பகுதியை முடக்கி இன்டெல் 1991இல் மலிவாக விற்றது. பதினான்கு வருடம் எங்கள் கடை மேசையில் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி உட்கார்ந்து 66, 66 என்று எரிந்தது பச்சைப் பொய்.

அந்தக் கண்ணாடிக்கும் சிப்புக்கும் இடையில் ஒரு கம்பிகூடக் கிடையாது. அதன் முதுகில் ஜம்பர்கள், அதாவது முள்களை இணைக்கும் குட்டிச் செருகிகள், வரிசையாக இருக்கின்றன. எந்தக் கோடு எரிய வேண்டும் என்று செருகிவிட்டால் அந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். 99 என்று வைத்தால் 99. கட்டைவண்டியில் ஸ்பீடாமீட்டர் ஒட்டியது போல.

விற்றவன் அப்பாவை ஏமாற்றியிருக்கிறான். 1994இல் கடன் வாங்கிக் கொடுத்த பணம். எதிர்ச்சாரியில் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் டி.டி.பி. கடைக்காரர் 66 வாங்கிய அதே மாதம், நமக்கும் அதுதான் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்கு மணிக்கு ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். அப்பாவுக்குத் தொண்டையில் துளை இருப்பதால் பேச்சில்லை, நோட்டில் எழுதுகிறார். அக்கா ஏற்கெனவே பெட்டி விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறாள். நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"66 ஓடுகிறதா?"

எழுத்து நடுங்குகிறது. ஆனால் அந்த 6 மட்டும் அவருடையதேதான். வயிறு பருத்து, கொம்பு பின்னால் சாய்ந்து, நுனியில் ஒரு சுழி. ரசீதுப் புத்தகங்களில் அந்த ஆறைப் பார்த்துத்தான் நான் எண் எழுதவே கற்றேன்.

"ஓடும் அப்பா" என்றேன். உள்ளே எல்லாவற்றையும் மாற்றுகிறேன், வெளியே ஒன்றையும் தொடமாட்டேன் என்றேன். தலையாட்டினார். 33ஐப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் லிஃப்டில் இறங்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் விற்ற அந்தக் கடைக்காரனோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு. வெயிலில் மண்டை பிளந்தது. மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி பிராசஸர், 16 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், இதற்குள் காற்று புக வழியில்லை. பெட்டியின் படத்தைக் காட்டியதும் கடைப் பையன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது முன்பக்க சுவிட்ச் ஜாக்கிரதை சார்" என்றார். மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சொல்கிறார். அவ்வளவுதான். மறுபடி தன் மல்டிமீட்டருக்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 9

ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். அறிக்கை நாளை என்றார்கள். நேற்றும் நாளை என்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

பெரியவர் சொன்னதன் பொருள் இன்று புரிந்தது. இப்போதைய கம்ப்யூட்டரில் பவர் பொத்தான் என்பது வெறும் சைகை. மதர்போர்டுக்கு ஒரு தட்டு, அது எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்பும். இந்தப் பழைய ஏ.டி. வகைப் பெட்டியில் நான்கு தடித்த வயர்கள் முன்பக்கம் வரை வந்து, 230 வோல்ட் நேராகப் பொத்தானுக்குள் போகிறது. அப்பா தினமும் காலையில் சுவாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, ஈரக் கையோடு அதைத்தான் அழுத்துவார்.

பழைய வயர்களை முழுக்க எடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், இன்னொரு முறை அழுத்தினால்தான் வெளியே வரும். அந்தப் பிடிப்புக்குக் காரணமான குட்டிக் கம்பியை ஊசியால் நெம்பி எடுத்ததும், அழுத்திவிட்டால் திரும்பி வருகிறது. ஆனால் அந்தப் பழைய 'டக்' கொஞ்சம் குறைந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது. கம்பியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

புதிய எஸ்.எம்.பி.எஸ். அளவு கச்சிதம், பழைய நான்கு திருகுத் துளைகளிலேயே உட்கார்ந்துகொண்டது. முப்பது வருடத்தில் மாறாதது இது ஒன்றுதான்.

ஏப்ரல் 12, சனி

பின்பக்கம் வெட்டியாயிற்று. பழைய பெட்டியில் கீபோர்டுக்கு ஒரு வட்டத் துளை மட்டும்தான். புதிய போர்டின் யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. எல்லாம் வெளியே தலைகாட்ட 159 மி.மீ. நீளம், 44.5 மி.மீ. உயரத்தில் ஜன்னல் வேண்டும். தெருமுனைப் பட்டறைக்காரர், "பழைய தகடு தம்பி, இப்போது இந்தக் கனத்தில் யார் போடுகிறார்கள்" என்று தட்டிப் பார்த்துக்கொண்டே கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு மி.மீ. அதிகம் போய்விட்டது. அரத்தால் ராவி மறைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

போர்டைப் பொருத்தும் துளைகளில் ஒன்றுதான் ஒத்துப்போனது. மற்ற மூன்றை நானே போட்டேன்.

அறிக்கை வந்தது. இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முன்முகத்தைத் தனியாகக் கழற்றி, முடிக்குச் சாயம் போடுகிறவர்கள் வாங்கும் 12 சதவீத பெராக்சைடு கிரீமைத் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மொட்டை மாடியில் வைத்தேன். தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின்தான் மஞ்சளாகிறது என்கிறார்கள். வெயிலும் பெராக்சைடும் சேர்ந்தால் வெளுக்கும். மணிக்கொரு முறை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகும். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஓடினேன். ஒன்றுமில்லை, கையெழுத்துக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது இடது ஓரத்தில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். அம்மா வேப்பம்பூவும் மாங்காயும் போட்டுப் பச்சடி வைத்தாள். இரண்டு பேர் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 16, புதன்

ஃபிளாப்பி கூட்டைக் கழற்றினால்தான் முன்பக்கம் 80 மி.மீ. ஃபேன் வைக்க முடியும். கழற்றினேன். கூட்டுக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று செருகியிருந்தது. எண் காட்டும் கண்ணாடியோடு வந்த துண்டுத்தாள், எந்த ஜம்பரை எங்கே செருக வேண்டும் என்ற பட்டியல். 33க்கு நேரே அச்சில் இருந்ததைப் பென்சிலால் அடித்திருக்கிறது. பக்கத்தில் பென்சிலாலேயே கட்டம் போட்டு, ஜம்பர் நிலைகளைக் குறித்து, மேலே ஓர் எண்.

வயிறு பருத்த இரண்டு ஆறுகள். கொம்பு பின்னால் சாய்ந்து, நுனியில் சுழி.

அடுப்படி வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

பத்து நாளாகத் திட்டித் தீர்த்த கடைக்காரன் சரியாகத்தான் 33 வைத்துக் கொடுத்திருக்கிறான், பாவம். எத்தனை கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் எதிர்ச்சாரிக்குப் போகாமல் இங்கே வந்தார்கள் அந்த எண்ணைப் பார்த்து?

அம்மாவிடம் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்தே இருக்கலாம்.

ஏப்ரல் 17

39 என்று வைத்தால் உண்மை. புதிய பிராசஸரின் அடிப்படை வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், புள்ளிதான் இருக்காது. 44 என்றாலும் ஒரு விதத்தில் உண்மை, முடுக்கிவிட்டால் 4.4 வரை போகும். எழுதி எழுதிப் பார்க்கிறேன். என்னுடைய ஆறும் அதே மாதிரிதான் வருகிறது.

ஏப்ரல் 19, சனி

எழுந்துவிட்டது. இரவு 1.20. ஒரே அழுத்தில், 'டக்'கில் பாதியோடு.

பிராசஸரை நெருக்கிப் பிழிந்தால் 91 டிகிரி வரை ஏறுகிறது, 95தான் எல்லை. முன்பக்கம் மூச்சு விட இடமில்லை. பக்கத் தகட்டில் துளை போடச் சொல்லும் புத்தியை அடக்கி வைத்திருக்கிறேன்.

எண் கண்ணாடிக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து சிவப்பு வயரில் 5 வோல்ட் கொடுத்தேன். ஜம்பர்களைத் தொடவில்லை. 65 என்று எரிந்தது. வலது இலக்கத்தின் கீழ் இடதுகோடு செத்துவிட்டது, ஆறு ஐந்தாகிவிட்டது. இந்தப் பிராசஸர் 65 வாட். முப்பது வருடத்தில் முதல்முறையாக இந்தப் பெட்டி ஏதோ ஓர் உண்மையைச் சொல்கிறது! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அப்பாவிடம் போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். திட்டு விழுந்த இடத்தில் விரலை வைத்தார், பிறகு கண்ணாடிமேல். நோட்டைக் கேட்டார்.

"ஒரு கோடு குறைகிறது."

சரிசெய்கிறேன் என்றேன். மடித்த தாள் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவர் இன்னும் ஏதோ எழுத வந்து, நர்ஸ் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார்.

நாளை குழாயை மூடிப் பார்க்கப்போகிறார்களாம். எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். போகும் வழியில் ரிச்சி தெரு திறந்திருக்காது.