சாக்ஸபோனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

என் ஆல்ட்டோ சாக்ஸ் இப்போது ஆகக் கீழ் ஸ்வரமான பி-ஃபிளாட் வரைக்கும் மெல்ல ஊதினாலே பேசுகிறது. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் அதற்கு முன்னால் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் சாக்ஸ் வாசிக்கிறவர்கள் நாலு பேராவது இதைப் படித்துவிட்டு உஷாராக இருந்தால் போதும்.

கோளாறு இதுதான். மேல் ஸ்தாயி சுத்தமாக வந்தது. கீழே டி-யிலிருந்து இறங்கினால் ஸ்வரம் கொரகொரவென்று உடைந்து, திடீரென்று மேலே தாவும். வாத்தியக் கடை ஒன்றில் கொடுத்தேன். “கீழ் ஸ்வரம் வரலைன்னா கீழ் பேட் போச்சுன்னு அர்த்தம் சார்” என்று அடித்துச் சொன்னார்கள். பேட் என்பது, விரலால் அழுத்தும் கீயின் அடியில் இருந்து துளையை மூடுகிற தோல் வட்டு. பெல் என்கிற அகன்ற வாய்ப் பக்கத்துப் பெரிய பேட்களை எல்லாம் மாற்றினார்கள். அத்தோடு விடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உடம்பு முழுவதையும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கி, அதற்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து ஊதினால் அதே கொரகொரப்பு. திரும்பக் கொண்டுபோனதற்கு, முதலில் ரீட் (ஊதும்போது அதிர்கிற நாணல் பட்டை) சரியில்லை என்றார்கள், அப்புறம் எனக்கு மூச்சு பத்தவில்லை என்றார்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஒரு தவில்காரர் சொல்லித்தான் அந்தப் பட்டறை தெரிந்தது. போர்டு கிடையாது. பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு லேத், ஒரு மேசை, சுவர் முழுக்கத் தொங்கும் கீகள். அவ்வளவுதான். பித்தளை வேலை செய்த குடும்பம். பேண்ட் செட்டுக்காரர்களின் வாத்தியங்களைப் பார்த்துப் பார்த்து, சாக்ஸும் கிளாரினெட்டும் மட்டுமே எடுத்துக்கொள்கிறவராக ஆகிவிட்டார் அந்த அண்ணன்.

அவர் சாக்ஸின் உடம்பைத் தொடவே இல்லை. மேலே வளைந்திருக்கும் குழாயான நெக்கை மட்டும் கழற்றி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சினார். உஸ்ஸென்று காற்று ஏறியது. “நோவு தலையில இருக்கு தம்பி, காலுக்கு வைத்தியம் பாத்திருக்காங்க” என்றார். நெக் மேல் இருக்கிற, ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றுகிற ஆக்டேவ் கீயின் வளையம் துளி வளைந்திருந்தது. அதனால் அதன் பேட் முழுசாக மூடவில்லை. முடி நுழையும் இடைவெளிதான். மேலே எங்கே காற்று கசிந்தாலும் அடி விழுவது கீழ் ஸ்வரங்களுக்குத்தான். குழாயின் முழு நீளமும் அடைபட்டால்தானே அவை பேசும். வளையத்தின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி மெல்ல அழுத்தினார். அந்தக் கோளாறு அதோடு முடிந்தது. நெக்கைச் செருகும்போதும் மவுத்பீஸ் மாட்டும்போதும் அந்தக் கீயைப் பிடித்து அழுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

ஆனால் கடைக்காரர்கள் செய்துவைத்த சேதம் பாக்கி இருந்தது. உள்ளறையை இருட்டாக்கி, சின்ன விளக்குச் சரத்தை வாத்தியத்துக்குள் இறக்கினார். ஒவ்வொரு கீயையும் விரல் பாரம் கூட இல்லாமல் மூடிக் காட்டினார். புதிதாக மாற்றிய பேட்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தது. காரணம் இரண்டு. பஃபிங் சக்கரம் துளைகளின் விளிம்பைத் தின்று உருட்டிவிட்டிருந்தது. விளிம்பு சமதளமாக இல்லாவிட்டால் எந்த பேட்டும் படியாது. இன்னொன்று, பேட்களை அவசரப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அங்கே வைக்க வேண்டியது அரக்கு. நகை ஆசாரிகள் வேலைக்கு வைப்பார்களே, அந்த இனம்தான். பேட் உட்காரும் கிண்ணத்தின் முதுகில் சின்னச் சுடரைக் காட்டினால் அரக்கு இளகும். பேட்டை இப்படி அப்படி நகர்த்தி, நாலு பக்கமும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடும்படி உட்கார வைக்கலாம். பசை அப்படி இளகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். புது பேட்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

பளபளப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சாக்ஸின் மேலே மின்னுவது தங்க முலாம் இல்லை, லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு. பஃபிங்கில் அது போய்விட்டால் வெறும் பித்தளைதான் மிச்சம், வியர்வை பட்டுக் கறுக்கும். முதல் பேச்சிலேயே பாலிஷ் என்று ஆரம்பிக்கிற இடத்தில் வாத்தியத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த தலைவலி பேட். ஆல்ட்டோவுக்கு 20-க்கு மேல் வேண்டும். 10 மில்லிமீட்டருக்குள் அடங்குகிற ஆக்டேவ் பேட் முதல் 40-ஐத் தாண்டும் பெல் பேட் வரை, அரை அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அளவு. அண்ணன் ஒவ்வொரு கிண்ணத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பார்சல் கஸ்டம்ஸில் நின்றது. இன்வாய்ஸில் ‘லெதர் பேட்’ என்று மட்டும் இருந்ததால் தோல் சாமானா என்று கேள்வி. கூரியரில் ஆதார் கேட்டார்கள், அனுப்பினேன். பார்சலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திருச்சி ஆபீசுக்கு நேரில் போனால், அங்கே இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் “எல்லாம் ஆன்லைன்லதான்” என்றார். பஸ் காசும் ஒரு பகலும் வீண்.

கடைசியில் வேலைக்கு ஆனது விற்றவரே திருத்தி அனுப்பிய இன்வாய்ஸ்தான். ஆர்டர் போடும்போதே ‘இசைக்கருவி உதிரி பாகம், 9209’ என்று எழுதச் சொல்லிவிடுங்கள். வாத்திய உதிரி பாகங்களுக்கான சுங்கத் தலைப்பு எண் அதுதான். பெயரை ஆதாரில் இருக்கிறபடியே, புள்ளி மாறாமல் கொடுங்கள்.

பேட் வந்தபின் வேலை மளமளவென்று நடந்தது. விளிம்புகளைத் தட்டையான அரத்தால் துளித் துளியாகச் சமப்படுத்தினார். நெக் கார்க், ஃபெல்ட், துருப்பிடித்த ஊசி ஸ்பிரிங்குகள் எல்லாம் மாறின. கடையில் தொலைத்துவிட்ட திருகு ஒன்றை லேத்தில் கடைந்து போட்டார். அதே மேசையில் செத்துப்போன வாத்தியங்களின் பாகங்களைச் சேர்த்து முழு ஆல்ட்டோ ஒன்றை அவர் கட்டிக்கொண்டிருந்தார். இல்லாத கீ ஒன்றைப் பித்தளையில் அறுத்து, அராவி, வெள்ளிப் பற்று வைத்து ஒட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒட்டின இடம் எது என்று நகத்தால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். கர்நாடக இசைக்கு சாக்ஸைக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத் போட்டுத் தந்த பாதையில் வாசிக்கிற நமக்கு, கமகத்துக்குக் கீயை முழுசாக மூடாமல் வழுக்க வேண்டியிருக்கிறது. ரொம்ப இறுக்கினால் விரல் ஓடாது. ரொம்பத் தளர்த்தினால் கீ துள்ளும். கல்யாணியை நாலு முறை வாசிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டே ஸ்பிரிங்கை வளைத்துக் கொடுத்தார். அதனால் உங்கள் மவுத்பீஸையும் பழகின ரீடையும் கூடவே எடுத்துப்போங்கள். காசைக் கொடுக்கும் முன் நெக்கை உறிஞ்சிப் பாருங்கள், விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். புது பேட் படிந்தபின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும். அதையும் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். தை பிறந்துவிட்டால் அவருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. மார்கழியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.