க்ரூகரில் ஒரு பறவைக் கட்டம்: ஐந்து நாள் கணக்கெடுப்புப் பதிவு

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு சஃபாரி போகிறவர்கள், தங்கியிருக்கும் நாட்களிலேயே, எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று பதியும் சாபாப்-2 (SABAP2) திட்டத்துக்குப் பறவைப் பட்டியல் கொடுக்கலாம். 2007 ஜூலையில் தொடங்கிய இந்தப் பறவை வரைபடத் திட்டம் தன்னார்வலர்களின் பட்டியல்களால்தான் நடக்கிறது. வெளிநாட்டவரும் பதிவு செய்து பார்வையாளர் எண் வாங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த எண்ணை வாங்கி, பறவைகளைப் பதிய உதவும் பேர்ட்லேசர் (BirdLasser) என்ற கைபேசிச் செயலியில் போட்டுவிட வேண்டும். பூங்காவுக்குள் முகாம்களைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடையாது.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடப் பட்டியல் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே இரண்டு விஷயங்கள் புதிதாக இருக்கும். எத்தனை பறவை என்று எண்ண வேண்டியதில்லை. எந்த இனம், எந்த வரிசையில் முதலில் தென்பட்டது என்பதே போதும். இடமும் ஒரு குளமோ தோப்போ அல்ல, பென்டாட் எனப்படும் கட்டம். அட்சரேகையில் 5 நிமிடம், தீர்க்கரேகையில் 5 நிமிடம் (இங்கே நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). க்ரூகரின் தென்பகுதியில் அது ஏறத்தாழ 9 கி.மீ.க்கு 8 கி.மீ. வடமேற்கு மூலையின் அட்ச, தீர்க்க அளவே கட்டத்தின் பெயர்: 2455_3135 என்றால் தெற்கு 24 பாகை 55 நிமிடம், கிழக்கு 31 பாகை 35 நிமிடம்.

நாள் 1. ஸ்குகூசா முகாம் இந்த 2455_3135 கட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கேயோ மேற்கேயோ சுமார் ஒரு கிலோமீட்டர் போனாலே அடுத்த கட்டம். முதல் தவறு நடப்பது இங்கேதான். பறவையைப் பார்த்ததும் பதியாமல், வண்டி நகர்ந்த பிறகு பதிந்தால் செயலி அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். பறவை பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் பதியட்டும். ஒரு வண்டிக்கு ஒரு பட்டியல் போதும்.

முழுப் பட்டியலுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முனைப்பாகப் பறவை தேட வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. முதல் பதிவிலிருந்து ஐந்து நாளுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். சிங்கத்தின் முன்னால் வண்டி நாற்பது நிமிடம் நின்றால் அந்த நாற்பது நிமிடத்தைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு மணி முடிவிலும் அதுவரை சேர்ந்த இனங்களின் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். இரண்டு மணி தேறவில்லையென்றால் அதைக் குறும்பட்டியலாக அனுப்பலாம். வழிகாட்டியோடு திறந்த வண்டியில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வாய்க்கும்.

நாள் 2. நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் வாயில் காலை 4:30க்குத் திறக்கும். ஜூன், ஜூலையில் 6 மணிக்கு. திறந்ததும் கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் குரல்கள் அடங்கிவிடும். தார்ச்சாலையில் 50 கி.மீ. வரை போகலாம் என்றாலும் 15, 20க்கு மேல் போனால் புதருக்குள் இருக்கும் எதுவும் கண்ணில் படாது. அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சினை அணைத்து மூன்று நிமிடம் காது கொடுங்கள். குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது என்பதால் ஜன்னல்தான் உங்கள் முக்காலி. துணிப்பையில் ஒரு கிலோ அரிசி கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தால் கேமராவோ தொலைநோக்கியோ ஆடாது. பைனாகுலர் 8x42 போதும். 10x வாங்கினால் ஓடுகிற எஞ்சினின் அதிர்வு கண்ணுக்குத் தெரியும்.

கட்டத்தின் எல்லா வாழிடங்களையும் தொட வேண்டும்: ஆற்றங்கரை, முள்காடு, புல்வெளி, நீர்நிலை. சாபி ஆற்றோரம் மட்டுமே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியல் நீளும், ஆனால் அது அந்தக் கட்டத்தின் பட்டியல் ஆகாது.

சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: புறாவை எழுதாமல் விடாதீர்கள். இந்தத் திட்டம் கணக்கிடுவது, ஒரு கட்டத்துக்கு வந்த பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் ஓர் இனம் இருக்கிறது என்பதை. "இது எங்கும் இருப்பதுதானே" என்று சின்னத் தவிட்டுப்புறாவை விட்டால், அது அன்று அங்கே இல்லை என்று நீங்கள் சாட்சி சொன்னதாக ஆகும். 2020 முதல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கும் செயலர்ப் பறவை போன்றவற்றின் சரிவு, இப்படிப்பட்ட ஆண்டுக்கணக்கான இருப்பு-இல்லாமைக் கணக்கில்தான் தெளிவாகத் தெரியும். நம்மூர் மைனாவும் அப்படியே. அங்கே அது வந்தேறி. டர்பன், ஜோஹனஸ்பர்க் பகுதிகளில் பெருகி, பரவிக்கொண்டிருக்கிறது. பார்த்துச் சலித்த பறவை என்று நாம் கடந்துபோகும் அதே மைனாவைப் பூங்காவுக்குள் கண்டால், அந்தப் பதிவு மிகவும் தேவையானது.

நாள் 3. தடுமாற்றம் வருவது இரண்டு இடங்களில். சிஸ்டிகோலா என்னும் பழுப்புக் குருவிகளைக் குரல் கேட்காமல் பிரிக்கவே முடியாது. பழுப்புக் கழுகுகள் அடுத்த சிக்கல். வால்பெர்க் கழுகு வெயில்கால வலசைப் பறவை, அங்கே குளிர்காலமான ஜூலையில் அதன் பெயரை எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள். ஐயம் தீராவிட்டால் எழுதாமல் விடுவதே சரி. குரலொலி போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது.

நாள் 4, 5. புதிய இனங்கள் மெல்லத்தான் சேரும். இரவு முகாமில் கேட்ட ஆந்தையையும் பக்கி என்னும் இரவுப் பறவையையும், அவை அதே கட்டத்துக்குள் என்றால், சேர்த்துக்கொள்ளலாம். தரை இருவாச்சிக் கூட்டம் தென்பட்டால் இனத்தோடு நிறுத்தாமல் முதிர்ந்தவை எத்தனை, தொண்டைப்பை வெளிறிய இளசுகள் எத்தனை என்றும் குறித்து வையுங்கள். வெண்முதுகுப் பாறுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) இறக்கையில் எண் பட்டை இருந்தால் படம் எடுங்கள். ஒரே இடத்தில் பல பாறுகள் செத்துக் கிடந்தால் அது விஷமாக இருக்கலாம். எதையும் தொடாமல் உடனே பூங்கா அலுவலர்களுக்குச் சொல்லுங்கள்.

முகாமுக்குத் திரும்பி சிக்னல் கிடைத்ததும் பட்டியலை அனுப்புங்கள். அந்தக் கட்டத்துக்கு வழக்கமில்லாத இனம் இருந்தால் விளக்கம் கேட்டு ஒரு படிவம் வரும். பார்த்த அன்றே இறகு நிறம், குரல், தொலைவு, வெளிச்சம் ஆகியவற்றை நான்கு வரி எழுதி வைத்திருந்தால் அதற்குப் பதில் சொல்வது எளிது.