மூச்சு ஊதும் பரிசோதனை: நுவரெலியாக் குளிரில் செய்யும் முறை

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நெஞ்சுக்குள் காற்று 37 பாகைச் சூட்டில் ஈரத்தோடு இருக்கும். குளிர்ந்த அறையில் வெளியே வந்ததும் சுருங்கும். இந்தச் சுருக்கம் 10 சதவீதத்தையும் தாண்டும். ஆகவே அறையின் வெப்பநிலையையும் இங்குள்ள காற்றழுத்தத்தையும் ஊதும் காற்றை அளக்கும் கருவியான ஸ்பைரோமீற்றரில் பதிந்த பிறகே தொடங்குகிறோம். 3 லீற்றர் காற்றைச் செலுத்தும் சிரிஞ்சால் கருவியைச் சோதிக்கும்போது 2.91க்கும் 3.09க்கும் இடையில் காட்ட வேண்டும். சிரிஞ்சை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சோதனையே பிழைத்துவிடும்.

தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து ஏற்றம் ஏறி வருபவர்களை உடனே ஊத வைப்பதில்லை. கடும் உழைப்புக்குப் பின் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்து, இறுக்கமான ஜெர்சியைத் தளர்த்திக்கொள்ளச் சொல்வோம். உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்கிறோம். முதுகு வளைந்தவர்களுக்குக் கைகளை விரித்த நீளத்தை எடுக்கிறோம். வீசிங் பம்ப் (மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து) அடித்திருந்தால் எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு முட்டும்போது பரிசோதனைக்காக அதை அடிக்காமல் இருக்கவே வேண்டாம்.

நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வ வேண்டும். "இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க!" பெரும்பாலான பிழை இந்த இழுப்பில்தான். சாதாரண மூச்சில் உள்ளே போவது 500 மில்லிலீற்றர் அளவுதான். இங்கே நெஞ்சு கொள்ளும் மட்டும் நிரப்ப வேண்டும். நிரம்பியதும் தயங்காமல் வெடித்தாற்போல் ஊத வேண்டும். தயங்கினால் முதல் விநாடியின் அளவு கெடும். அடுத்த பிழை, பாதியில் நிறுத்துவது. மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்குக் காற்று மெல்லத்தான் வரும். கருவி வரையும் கோடு தட்டையாகும்வரை ஊதவேண்டும், 6 விநாடிக்கு மேலும் ஆகலாம். தலை சுற்றினால் ஓய்வு கொடுக்கிறோம். நல்ல ஊதல் மூன்று தேவை. கூடிய இரண்டு அளவுகளும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரியவர்களுக்கு எட்டு முயற்சிக்கு மேல் வற்புறுத்துவதில்லை.

பிறகு ஸ்பேசர் (பம்ப்பில் பொருத்தும் குழாய்) வழியாக மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்து நான்கு முறை, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதல். அதற்குப் பிறகும் முதல் விநாடியில் வந்தது மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவென்றால் மூச்சுக்குழாயில் நாட்பட்ட அடைப்பைச் சந்தேகிக்கிறோம். புகைக்காத பெண்ணானாலும் விறகடுப்புப் புகையைப் பற்றிக் கட்டாயம் கேட்கிறோம்.

முழுவதும் ஊதிய பிறகும் வளர்ந்தவரின் நெஞ்சில் சுமார் 1.2 லீற்றர் மிஞ்சும். அதை இந்தக் கருவி அளக்காது. மொத்த ஊதல் குறைந்திருப்பதை மட்டும் பார்த்து நுரையீரல் சுருங்கிவிட்டது என்று நாங்கள் எழுதுவதில்லை. காற்று உள்ளே சிக்கி நின்றாலும் அதே எண்தான் வரும்.