நாஷ்டா ஆச்சா?

கிள்ளானிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்குக் குடிவந்த முதல் வாரம், எதிர்வீட்டு அக்கா "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். முழித்தேன். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் மலேசியாவில் "பசியாறியாச்சா?" என்போம். அதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். ஏதோ பழைய நாடக வசனம் மாதிரி இருந்ததாம்.

கணவர் இந்தப் பேட்டைக்காரர். மகளை மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். "வெளிநாட்டுல பொறந்த புள்ளைய கார்ப்பரேஷன் இஸ்கூல்லயா போடுவீங்க?" என்று அத்தைக்குக் கோபம். என் தயக்கம் வேறு. பள்ளிச் சாப்பாடு.

மலேசியாவில் பள்ளியில் இலவச உணவு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ரீசெஸ் மணி அடித்ததும் மற்றவர்கள் கேண்டீனில் காசோடு நிற்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓரத்து மேசைக்குப் போவோம். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் ருசியாகத்தான் இருக்கும். அந்த மேசைவரை நடப்பதுதான் கஷ்டம்.

இங்கே பட்டியலே கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாருக்கும் காலை உணவு, 2022-ல் தொடங்கியது. சென்னையில் பொதுச் சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் வருகிறது. பொங்கலோ கிச்சடியோ, காய் போட்ட சாம்பாரோடு. மதியம் சத்துணவில் முட்டை, வேண்டாம் என்பவர்களுக்கு வாழைப்பழம். 1920-லேயே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க வைத்திருக்கிறார். அவர் பெயரிலுள்ள கல்லூரி வாசலில்தான் தினமும் ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன். ரொம்ப நாள் கழித்துத்தான் இது தெரிந்தது.

முதல் மாதம் மகள் சாம்பாரிலிருந்த கேரட்டையும் பூசணியையும் தட்டோரம் வரிசையாக அடுக்கிவைத்தாள். பரிமாறுகிற அக்கா கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்துப் பையன்தான், "நீ துன்னலயா? எனக்குக் குடு" என்று அள்ளிக்கொண்டான். நாலைந்து நாள் பார்த்தாள். அப்புறம் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அவளே தின்ன ஆரம்பித்தாள். வீட்டில் நான் கெஞ்சியும் நடக்காத விஷயம்.

வாசலுக்கு வெளியே வேறு கதை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. எங்கள் பள்ளி கேட்டிலிருந்து பத்து எட்டில் சிப்ஸ் சரம் தொங்குகிறது, கலர் ஐஸ் வண்டி நிற்கிறது. ரோடமின்-பி சாயம் கலந்ததால் 2024-ல் தடை வந்தபிறகு பஞ்சுமிட்டாய்க்காரரை மட்டும் காணோம். மாங்காய்க் கீற்றும் நெல்லிக்காயும் விற்கிற ஆயாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கட்டும்.

அத்தையிடம் விதியைச் சொன்னேன். "சர்தாம்மா" என்றார். மறுநாள் காலையும் பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸில் பத்து ரூபாய் இருந்தது.