ஆய்ஸ்டின்ஸில் ஒரு முகவரிச் சான்று

கரீபியன் தீவு நாடான பார்படோஸில் ஒரு வருடம் இருந்தோம் என்று சொன்னதும் எல்லாரும் விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. 2020 ஜூலையில், கொரோனாவால் சுற்றுலா படுத்துக் கிடந்த நேரத்தில், அந்த நாட்டு அரசு 'வெல்கம் ஸ்டாம்ப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வருடம் அங்கே தங்கி, அங்கிருந்தபடியே வேலையைத் தொடரலாம். வருமானம் 50,000 அமெரிக்க டாலர் வரும் என்று காட்ட வேண்டும். கட்டணம் தனி ஆளுக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000. விண்ணப்பம் ஆன்லைனில்தான். நான் லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். விண்ணப்பித்தோம், அனுமதி வந்தது, 2024 ஜனவரி கடைசியில் நானும் மனைவியும் போய் இறங்கினோம்.

கிளம்பும் முன் மனைவியின் பேன்ட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ராணுவ உடுப்பு டிசைன். பார்படோஸில் ராணுவத்தினர் தவிர வேறு யாரும் அந்த டிசைனைப் போடக்கூடாது, சட்டமே இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான், கரண்ட்டைப் பற்றிப் படிக்கவில்லை. அங்கே 115 வோல்ட். ஊரிலிருந்து சுமந்துபோன மிக்ஸியைப் போட்டால் அரைக்கவில்லை, முனகியது. டாலரும் பாதிதான், இரண்டு பார்படோஸ் டாலர் கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர். கணக்குப் போட வசதி, ஆனால் விலைச் சீட்டைப் பார்த்ததும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும்.

வீடு தென்கரையில் ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில். வெள்ளிக்கிழமை இரவு மீன் வறுவலுக்குத் தீவே அங்கேதான் கூடும். கடற்கரையிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்து. இந்த மாதிரிச் சந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கேப்'. மாடி எங்களுக்கு, கீழே வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். வாடகையை உள்ளூர் வங்கியில் போட்டுவிடுங்கள் என்றார். இந்தியக் கார்டைத் தேய்த்துப் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்தார்கள். சரி, கணக்கு ஒன்று தொடங்கிவிடலாம் என்று பிப்ரவரியில் கிளம்பினேன்.

நேராகக் கவுன்டருக்குப் போய், "அக்கவுன்ட் தொடங்க வேண்டும்" என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார். "குட் மார்னிங்" என்று நிறுத்தி, நிதானமாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கடையோ, வேனோ, டாக்டர் வீட்டுத் திண்ணையோ, உள்ளே நுழைந்தால் அங்கே இருக்கிற மொத்தப் பேருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மறுநாள் 'ஸெட் ஆர்' என்கிற ஷேர் வேனில், காது கிழியும் பாட்டுக்கு நடுவே, கூச்சப்பட்டுக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஏழெட்டுக் குரல் திரும்ப வந்தது.

வணக்கம் பழகிவிட்டது, காகிதம்தான் பழகவில்லை. வங்கி கேட்டவை: இரண்டு அடையாள அட்டை, வேலைக் கடிதம், ஸ்டாம்ப் கடிதம், சொந்த ஊர் வங்கியிலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம், கடைசியாக என் பெயரில் கரண்ட் பில் அல்லது தண்ணீர் பில். பில் எல்லாம் வீட்டுக்கார அம்மா பெயரில். நற்சான்றுக்காகக் கோவைக் கிளைக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் காலை பத்து மணிக்குத் திறக்கும்போது இங்கே இரவு பன்னிரண்டரை. லண்டன் நேரத்துக்கு எனக்கு வேலை விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடும், அதனால் அந்த வாரம் தூக்கமே போனது. "சார், அப்படி ஒரு ஃபார்மட்டே எங்ககிட்ட இல்லையே" என்றார் மேலாளர். நானே ஒன்றை டைப் செய்து அனுப்ப, மூன்று வாரம் கழித்து முத்திரையோடு வந்தது. முத்திரை வட்டமா நீள்சதுரமா என்றெல்லாம் இங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ அதுவே ஏமாற்றமாக இருந்தது.

முகவரிக்கு ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்காரர் கடிதம் எழுதி, அதை ஜே.பி. ஒருவர் முன்னால் கையெழுத்திட வேண்டும். ஜே.பி. என்றால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ். நம் ஊரில் கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைவோமே, அந்த மாதிரி. எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்துச் சந்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் வீடு பழைய சாட்டல் வீடு: மரப் பலகையில் கட்டி, அஸ்திவாரம் இல்லாமல் கற்களின் மேல் தூக்கி வைத்தது. அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலம் தோட்ட முதலாளியுடையதாகவே இருந்தது. அதனால் வெளியேறச் சொன்னால் வீட்டையே கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். வண்டியில் போகிற வீட்டுக்கு எந்த பில்லைக் காட்டியிருப்பார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் கடிதத்தை ஒருமுறை பார்த்தார், கிரிக்கெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

கடிதம் கொடுத்தோம். தேதி சரியில்லை என்றார்கள், மாற்றினோம். வேலைக் கடிதம் பழையதாகிவிட்டது என்றார்கள், புதிதாக வாங்கினோம். கடைசியில் கையெழுத்துப் போட வரச் சொன்ன நாள் ஜூலை 1, திங்கட்கிழமை காலை பத்து மணி.

ஜூன் 29 சனிக்கிழமை, பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவலில் இந்தியா தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்து டி20 உலகக் கோப்பையை எடுத்தது. கூச்சல் போட்டுத் தொண்டை கட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, பெரில் புயல் வருகிறது, கடைகளை மூடுங்கள் என்றது அரசு. கண் பகுதி தீவின் தெற்கே கடலோடு போனதால் தப்பித்தோம். கிரெனடாவின் கரியாகூ தீவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் அலை விடவில்லை. எங்கள் கரையிலும் பிரிட்ஜ்டவுன் துறையிலும் மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. விமான நிலையம் மூடியதால் உலகச் சாம்பியன்களும் ஹோட்டலில் அடைந்து கிடந்தார்கள், வங்கி மூடியதால் நானும்.

அந்தத் திங்கட்கிழமை மாலை வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணத்தோடு மாடியேறி வந்தார். கூ கூ. சோள மாவை வெண்டைக்காய் வெந்த தண்ணீரில் கொட்டி, நம் களி கிண்டும் துடுப்பு மாதிரி ஒரு மட்டையால் விடாமல் கிண்டி இறக்குவது. பறவைக் கோலா மீன் குழம்போடுதான் சாப்பிட வேண்டும் என்றவர், படகே இல்லையே, இனி மீனுக்கு எங்கே போக என்று ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். மனைவி கடைசிப் பாட்டில் எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தாள். வெண்டைக்காய்க் களிக்கு ஊறுகாய்! அந்த அம்மா மூன்று முறை போட்டுக்கொண்டார்.

ஜூலை மூன்றாவது வாரம் கணக்கு திறந்தது. பத்து நாளில் வங்கியிலிருந்து தபால் வந்தது. அந்தத் தீவில் என் பெயரும் அந்த வீட்டு முகவரியும் சேர்ந்து அச்சான முதல் காகிதம் அதுதான். இதைக் காட்டிக் கரண்ட் பில்லை என் பெயருக்கு மாற்றலாமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"தாராளமாக. உன் ஸ்டாம்ப் எப்போது முடிகிறது?" என்றார்.

ஜனவரி என்றேன்.